பொடக்காளியில் வெள்ளரி: கொடிக்கும் கொடிக்கும் எத்தனை அடி?

ஆடி பிறப்பதற்கு முன்பே விதைக் கடைகளில் கூட்டம் தொடங்கிவிடுகிறது. அவரை, பீர்க்கு, புடலை, பாகல் என்று வழக்கமாக வாங்குகிற விதைகளோடு பொடக்காளியில், அதாவது வீட்டுக் கொல்லையில், ஊன்றுவதற்கு வெள்ளரி விதைப் பொட்டலத்தையும் சேர்த்துக் கேட்கிறவர்கள் கோவையிலும் திருப்பூரிலும் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். வாங்கிய கையோடு அவர்கள் கேட்கிற அடுத்த கேள்வி, செடிக்குச் செடி எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதுதான். பொட்டலத்தின் பின்புறம் ஓர் அளவு அச்சிட்டிருக்கும். காணொளியில் ஒருவர் வேறோர் அளவைச் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரரோ இரண்டையும் சட்டை செய்யாமல் ஒரு சாண் இடைவெளியில் ஊன்றி வைத்திருப்பார். கொடி தரையில் படரப் போகிறதா, மேலே ஏறப் போகிறதா, ஏறினால் அதன் பக்கக் கிளைகளை விட்டுவைக்கப் போகிறோமா, கிள்ளப் போகிறோமா என்பதை முடிவு செய்யாமல் அளவை மட்டும் கேட்பதால் வருகிற குழப்பம் இது. அதை முடிவு செய்துவிட்டால் அளவு தானாக வந்து நிற்கும்.

வெள்ளரியின் ஆணிவேர் ஆழமாகப் போகக் கூடியதுதான் என்றாலும், தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சுகிற வேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணின் ஓர் அடிக்குள்ளேயே பக்கவாட்டில் பரவி நிற்கும். காயில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். அவ்வளவு தண்ணீரையும் அந்த மேலாக்கான வேர்கள்தான் தேடிக் கொண்டுவர வேண்டும். மேலே இலைகள் ஒவ்வொன்றும் விரித்த கையளவுக்கு வளர்கின்றன. இரண்டு செடிகளை நெருக்கி வைத்தால் கீழே ஒரே ஈரத்துக்கு இரண்டும் போட்டியிடும்; மேலே ஒன்றின் இலை மற்றொன்றின் மீது கவிந்து, காலைப் பனி உலரத் தாமதமாகும். வேர்ப்போட்டியைக் கூடுதல் எருவும் தண்ணீரும் கொடுத்து ஓரளவு சமாளித்துவிடலாம். இலை உலராமல் நிற்பதற்கு மருந்து கிடையாது. அடிச்சாம்பல் நோய்க்கான கிருமி இலைக்குள் நுழைய வேண்டுமானால் இலையின் மேல் சில மணி நேரமாவது ஈரம் தங்க வேண்டும். நரம்புகளுக்கு இடையே கட்டம் கட்டமாக மஞ்சள் திட்டுகள் தோன்றி, அதே இடத்தில் இலையின் அடிப்புறத்தில் சாம்பல் நிறப் பூஞ்சு தெரிந்தால் அது வந்துவிட்டது என்று பொருள். காற்றோட்டமுள்ள கொடியில் இது மெதுவாகப் பரவும். நெருங்கிக் கிடக்கிற புதரில் ஒரு வாரத்துக்குள் அடியிலிருந்து நுனி வரை ஏறிவிடும். ஆகவே இடைவெளி என்பது முக்கியமாகக் காற்றுக்காக விடுகிற இடம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

தரையில் படர விடுவதானால் தோட்டக்கால் வெள்ளாமையின் அளவே சரியானது. வாய்க்காலுக்கு வாய்க்கால் ஒன்றரை மீட்டர், அதாவது ஐந்து அடி. வாய்க்கால் ஓரத்தில் குழிக்குக் குழி 60 சென்டிமீட்டர், அதாவது இரண்டு அடி. கொடியை வாய்க்காலுக்குள் விடாமல் இடையிலுள்ள மேட்டில் திருப்பி விட வேண்டும். என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) இதை அடிக்கணக்கில் சொல்ல மாட்டார். "கண்ணு, காய் பறிக்கிறவ கால் வெக்கறதுக்கு எடம் விடோணும், அவ்வளவுதான்" என்பார். அந்தக் கணக்கில் உண்மை இருக்கிறது. வெள்ளரியை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கொடியை மிதித்து உள்ளே போனால், மிதிபட்ட தண்டு அடுத்த வாரத்துக்குள் வாடத் தொடங்கும். ஆனால் ஐந்து அடி வரிசை விடுகிற அளவுக்கு நகரத்துப் பொடக்காளியில் இடம் எங்கே இருக்கிறது? பத்துக்குப் பத்து அடி நிலத்தில் தரைப்படர்ச்சியாக இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து குழி என்று பத்துக் குழிகளே அடங்கும். அதோடு காய் மண்ணில் கிடந்து ஒரு பக்கம் வெளுத்துப் போவதும், மழை பெய்தால் அழுகுவதும் உண்டு. தென்னை மட்டையையோ வைக்கோலையோ கீழே பரப்பி ஓரளவு காப்பாற்றலாம்.

வீட்டுத் தோட்டத்துக்கு நான் பரிந்துரைப்பது கொடியை நிமிர்த்தி வளர்ப்பதைத்தான். அதிலும், கொங்கு நாட்டில் புடலைக்கும் பாகலுக்கும் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்துப் போடுகிற தட்டைப் பந்தல் வெள்ளரிக்கு வீண் செலவு என்பது என் கருத்து. புடலைக்கொடி பந்தலை எட்டிய பிறகு மாதக்கணக்கில் அங்கே படர்ந்து காய்க்கும். வெள்ளரியோ ஆளுயரம் ஏறி முடிப்பதற்குள்ளேயே காய்ப்பின் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுகிறது. மூன்று மாதத்துக்குள் அதன் ஆயுளும் முடிந்துவிடும். இரண்டு மூங்கில் அல்லது சவுக்குக் கம்புகளை நட்டு, மேலே ஒரு குறுக்குக் கம்பு கட்டி, அதிலிருந்து செடிக்கு ஒன்றாகக் கயிறு தொங்கவிட்டாலே போதும். கொடி வலை கட்டினால் இன்னும் வசதி.

இப்படி நிமிர்த்தி வளர்க்கிற கொடிக்கு வரிசையில் ஓர் அடி முதல் ஒன்றரை அடி வரை இடைவெளி போதும்; வரிசைக்கு வரிசை நான்கு அடி விட வேண்டும். ஓர் அடியா, ஒன்றரை அடியா என்பதைத் தீர்மானிப்பது விதையின் வகை. பழைய வகைகளிலும் கடையில் எளிதாகக் கிடைக்கிற பாயின்செட், ஜப்பானிய நீளப் பச்சை போன்ற வகைகளிலும் ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாகப் பூக்கும். இவற்றில் தாய்த்தண்டில் ஆண் பூக்கள் மிகுதியாகவும், பக்கக் கிளைகளில் பெண் பூக்கள் அதிகமாகவும் வரும். ஆகையால் ஒற்றைத் தண்டாக வளர்க்கும் ஆசையில் எல்லாப் பக்கக் கிளைகளையும் கிள்ளி எறிந்தால் காயையே கிள்ளி எறிந்ததாகிவிடும். தரையிலிருந்து முதல் நான்கைந்து கணுக்கள் வரை வருகிற கிளைகளை மட்டும் நீக்கி அடிப்பகுதியில் காற்று புகுமாறு செய்துவிட்டு, அதற்கு மேல் வருகிற ஒவ்வொரு கிளையையும் இரண்டு இலை விட்ட பிறகு நுனி கிள்ளினால் போதும். இந்தக் கிளைகளுக்கு இடம் வேண்டும் என்பதால் இவ்வகைகளுக்கு ஒன்றரை அடி. கணுவுக்குக் கணு பெண் பூவாகவே பூக்கிற கலப்பின விதைகளுக்குப் பக்கக் கிளை தேவையில்லை. ஒற்றைத் தண்டாக ஏற்றி, ஓர் அடி இடைவெளியில் நட்டுக்கொள்ளலாம். பொட்டலத்தில் ஓர் அடி என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு அதே அளவில் நாட்டு வெள்ளரியை ஊன்றுகிறவர்கள்தான் கடைசியில் இலைக்குள் காயைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பாயின்செட் பற்றி ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது அமெரிக்காவில் உருவாக்கப்பட்டு 1960களில் வெளிவந்த வகை. அடிச்சாம்பல் நோயைத் தாங்குகிற அதன் குணம் இந்தியாவிலிருந்து சேகரிக்கப்பட்ட வெள்ளரி வித்திலிருந்து சேர்க்கப்பட்டது. வெள்ளரிக்குத் தாயகமே இந்தியாதான். அதன் காட்டு உறவான கசப்பு வெள்ளரி இமயமலை அடிவாரத்தில் இன்றும் முளைக்கிறது. வெளிநாட்டு விதை என்று நாம் காசு கொடுத்து வாங்குவதில் நம்முடைய வித்தும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

கொங்கு நாட்டில் இடைவெளிக்கு அடுத்தபடியாக யோசிக்க வேண்டியது காற்று. வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசுகிற காற்று எப்படிப்பட்டது என்பதைப் பல்லடம், உடுமலைப் பக்கம் வரிசையாக நிற்கிற காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். ஆடிப்பட்டத்தில் விதைத்த வெள்ளரி கம்பேறுவதும் இந்தக் காற்றுக் காலத்தில்தான். செடி வரிசையை வடக்குத் தெற்காக அமைத்தால் இரண்டு பக்கமும் வெயில் சமமாகப் படும் என்று தோட்டக்கலைப் புத்தகங்கள் சொல்வதுண்டு. அது சூரியன் சாய்ந்தே நிற்கிற குளிர்நாட்டுத் தோட்டங்களுக்குப் பெரிதும் பொருந்தும். நம் ஊர் 11 பாகை அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி முதல் வாரத்தை ஒட்டியும் உச்சி வெயில் தலைக்கு நேர் மேலே நிற்கும், இடைப்பட்ட மாதங்களில் சற்றே வடக்கே சாய்ந்திருக்கும். ஆகவே கிழக்கு மேற்காக வரிசை அமைத்தாலும் வெயிலுக்குப் பஞ்சம் வராது. வடக்குத் தெற்காகக் கட்டிய வலை, இலை மூடியதும் மேல்காற்றுக்கு முழு நெஞ்சையும் காட்டி நிற்கும்; கம்போடு சாய்ந்துவிடும். கிழக்கு மேற்காகக் கட்டியதில் காற்று இரு புறமும் வழுக்கிக்கொண்டு போகும். மேற்கு மூலையில் இரண்டு அகத்தியோ நான்கு சோளத் தட்டோ இருந்தால் இன்னும் நல்லது.

கொடி தன்னைத் தானே எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இலைக்கணுவிலிருந்து நீளுகிற பற்றுக்கம்பி கயிற்றைத் தொட்டதும் நுனியால் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்கிறது. அதன் பிறகு நடுப்பகுதி சுருளத் தொடங்குகிறது. பாதி தூரம் ஒரு திசையிலும், நடுவில் ஒரு சிறு நேர்த்துண்டு விட்டு, மீதி தூரம் எதிர்த் திசையிலும் சுருள்கிறது. இரு முனையும் கட்டுண்ட கம்பி முறுக்கிக்கொள்ளாமல் சுருள வேண்டுமானால் இப்படித்தான் சுருண்டாக வேண்டும். காற்று அடிக்கும்போது அது நீண்டு, ஓய்ந்ததும் குறுகிக் கொடியைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொள்கிறது. அதனால் பற்றுக்கம்பி பிடித்த இடத்தில் நாம் கட்டுப் போடத் தேவையில்லை. அது பிடிக்காத அடித்தண்டுக்கு மட்டும் கட்டுப் போட்டால் போதும். அதற்குச் சணல் கயிற்றைவிடத் திருப்பூர்ப் பக்கம் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிற பனியன் துணிக் கழிவை நீளவாக்கில் கிழித்துக் கட்டுவது மேல். தண்டு பருக்கும்போது துணியும் இளகிக் கொடுக்கும், தண்டை அறுக்காது.

பட்டத்தைப் பொறுத்தவரை ஆடியும் தையும் நமக்குத் தோதானவை. ஆடியில் ஊன்றினால் நாற்பது, ஐம்பது நாளில் ஆவணிக் கடைசியில் பறிப்பு தொடங்கி, ஐப்பசி மழை வலுப்பதற்குள் கொடியின் வேலை முடிந்துவிடும். தையில் ஊன்றினால் மாசி, பங்குனியில் காய் கிடைக்கும். ஆனால் தையில் காலைப் பனி விழுவதால் அடிச்சாம்பல் நோய்க்கு அப்போதுதான் அதிகம் பயப்பட வேண்டும், இடைவெளியில் அரை அடியைக் கூட்டினால் நல்லது. பங்குனியில் ஊன்றுவதை நான் ஊக்கப்படுத்த மாட்டேன். வெப்பம் கூடக் கூட ஆண் பூ பெருகும், பெண் பூ குறையும், வந்த பிஞ்சும் உதிரும். கோடைச் செய்திகளில் கரூர் பரமத்தியின் பெயர் வரத் தொடங்கினால் வெள்ளரிக்கு நிழல்வலை கட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

குழியை ஓர் அடி நீள, அகல, ஆழத்தில் எடுத்து, மேல்மண்ணோடு ஒரு சட்டி மக்கிய தொழுவுரமும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்து மூட வேண்டும். ஆட்டெரு கிடைத்தால் அதை நன்றாக மக்க வைத்த பிறகே போட வேண்டும். பச்சையாகப் போட்டால் வேர் வெந்துவிடும். செம்மண்ணானால் குழி தரைமட்டத்தில் இருக்கலாம். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துக் கரிசல் மண்ணானால் அரை அடி உயர மேட்டுப்பாத்தி போட்டே ஆக வேண்டும், ஏனென்றால் வேரடியில் தண்ணீர் தேங்குவதை வெள்ளரி ஒரு நாளும் பொறுக்காது.

குழிக்கு மூன்று விதை, ஒரு விரற்கடை ஆழம். இந்த ஆழத்துக்குக் காரணம் இருக்கிறது. முளைக்கிற வெள்ளரி விதையின் வேரும் தண்டும் சேருகிற இடத்தில் ஒரு சிறிய மொட்டைப் பல் போன்ற புடைப்பு உண்டாகும். அது விதையோட்டின் கீழ்ப்பாதியை மண்ணோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள, வளைந்த தண்டு நிமிர்கிற விசையில் வித்திலைகள் ஓட்டிலிருந்து உருவப்பட்டு மேலே வருகின்றன. மேலாக்காக விதைத்தால் பிடித்துக்கொள்ள மண் இல்லாமல் நாற்று ஓட்டைத் தலையில் சுமந்தபடியே வெளியே வந்து, வித்திலைகளை விரிக்க முடியாமல் திணறும். நம் வெப்பத்தில் நான்கு முதல் ஆறு நாளில் முளைப்பு தெரியும். இரண்டு நல்ல இலை வந்ததும், நிமிர்த்தி வளர்ப்பதானால் குழிக்கு ஒன்றும், தரையில் விடுவதானால் இரண்டும் விட்டு மற்றதைக் கத்தரியால் தரையோடு வெட்டிவிட வேண்டும். பிடுங்கினால் நிற்கிற செடியின் வேரும் சேர்ந்து அறுபடும். பிடுங்கியதை வேறிடத்தில் நட்டுப் பிழைக்க வைக்கலாம் என்று பலர் முயல்கிறார்கள். வெள்ளரிக்கு வேர் அசைவது ஆகாது. நாற்றாக வளர்த்துத்தான் நட வேண்டும் என்றால் காகிதக் கோப்பையில் விதைத்து, கோப்பையோடு அடியைக் கிழித்து நடலாம்.

மூன்றில் இரண்டை வெட்டுவதற்கு மனம் வராமல் மூன்றையும் விட்டுவைப்பது எல்லா வீடுகளிலும் நடக்கிறது. நான்கு பேர் இருக்கிற வீட்டுக்கு ஒழுங்காக வளர்ந்த ஐந்தாறு கொடியே போதும். இன்னும் வேண்டுமென்றால் ஒரே நாளில் பதினைந்தை நெருக்கி நடுவதைவிட, மூன்று வாரம் கழித்து ஐந்தாறு குழி புதிதாக ஊன்றுவது நல்லது. முதல் தொகுதி ஓய்கிற நேரத்தில் இரண்டாம் தொகுதி காய்ப்புக்கு வரும்.

மாடித் தோட்டக்காரர்களுக்கும் இதே கணக்குத்தான். முழங்கால் உயரப் பை ஒன்றுக்கு ஒரு செடி. இரண்டு வைக்கக் கூடாது. பைக்குள் ஒற்றைச் செடி என்று கவனமாக இருப்பவர்கள் பையையும் பையையும் ஒட்டி வைத்துவிடுகிறார்கள். இலைக்குத் தெரிவது பையின் எல்லை இல்லை, பக்கத்து இலைதான். பைக்குப் பை தண்டிலிருந்து தண்டு ஒன்றரை அடி இருக்க வேண்டும். பொள்ளாச்சித் தென்னை நார்க்கழிவு இங்கே மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் அதில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிய பிறகு மண்ணோடும் எருவோடும் கலக்க வேண்டும்.

உப்பு என்றதும் தண்ணீரைச் சொல்ல வேண்டும். ஆற்றுத் தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று இரண்டு குழாய் வைத்திருக்கிற கோவை வீடுகளில் செடிக்குப் போவது பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர்தான். அதைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு மேல்மண்ணிலேயே, அதாவது வெள்ளரி வேர் இருக்கிற இடத்திலேயே சேரும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரை நிறையப் பாய்ச்சி உப்பைக் கீழே இறக்க வேண்டும். மழை நாளில் மொட்டை மாடித் தண்ணீரைப் பிடித்து வைத்தால் அதற்கு ஆகும். ஈரம் ஒரே சீராக இருக்க வேண்டும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் கொட்டினால் காய் நடுவில் சூம்பும், கசப்பும் ஏறும். கசப்புப் பொருள் காம்புப் பக்கத்திலும் தோலுக்கு அடியிலும்தான் அதிகம் தங்குகிறது. காம்பை அரிந்துவிட்டுச் சாப்பிடுகிற நம் வழக்கத்துக்கு அதனால் பயன் உண்டு. எந்த முறையில் பாய்ச்சினாலும் தண்ணீர் வேருக்குப் போகட்டும், இலை மேல் வேண்டாம்.

முளைத்த முதல் இரண்டு வாரம் செவ்வண்டு வரும். வித்திலையைச் சல்லடையாக்கிவிடும், விடியற்காலையில் அது சோம்பிக் கிடக்கும்போது கையால் பொறுக்கிவிட்டு, இலை மேல் அடுப்புச் சாம்பலைத் தூவலாம். வெள்ளைச் சாம்பல் நோய்க்குக் கந்தகம் தெளிக்கச் சிலர் சொல்வார்கள். வெள்ளரி இலை கந்தகத்தில், அதுவும் வெயில் நாளில், கருகிவிடும். கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் பரவலாக்கிய பஞ்சகவ்யத்தை 100 லிட்டருக்கு 3 லிட்டர் என்ற அளவில் கலந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை தெளிப்பது இங்கே வழக்கத்தில் இருக்கிறது; அதை வளர்ச்சிக்காகத் தெளிக்கலாம், நெருக்கி நட்டதற்குப் பரிகாரமாக நினைக்கக் கூடாது.

எதைத் தெளித்தாலும் மாலையில்தான் தெளிக்க வேண்டும். வெள்ளரிப் பூ காலையில் விரிந்து அன்றோடு முடிந்துவிடும். தேனீ வருகிற நேரம் அதுதான். முதல் பத்து நாள் ஆண் பூவாகவே பூப்பதைப் பார்த்துக் கவலைப்படத் தேவையில்லை, பிஞ்சைத் தாங்கி வருகிற பெண் பூ பிறகுதான் வரும். மாடியில் தேனீ எட்டிப் பார்க்கவில்லையென்றால் ஆண் பூவின் இதழை உரித்துவிட்டு மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவிவிடலாம். பசுமைக்குடிலுக்கான மகரந்தம் வேண்டாத வகைகளை மட்டும் நாட்டு வெள்ளரிக்குப் பக்கத்தில் நடக் கூடாது. தேனீ இரண்டிலும் போய் உட்கார்ந்தால் விதையில்லாமல் வர வேண்டிய காய் விதை பிடித்துக் கோணிக்கொள்ளும். காய் ஒரு சாணுக்குள் இருக்கும்போதே பறித்துவிட வேண்டும். இலைக்குள் மறைந்து மஞ்சளாகப் பழுத்த ஒரே ஒரு காய் போதும், அந்தக் கொடி அடுத்த பிஞ்சுகளை நிறுத்திவிடும்.

கொடி ஓய்ந்ததும் அடியோடு அகற்றி, நோய் இருந்த இலைகளை எருக்குழியில் போடாமல் தனியாக எரித்துவிடுவது நல்லது. அதே குழியில் உடனே பீர்க்கோ பூசணியோ ஊன்ற வேண்டாம். எல்லாம் ஒரே குடும்பம், நோயும் பூச்சியும் பொது. கம்பையும் கயிற்றையும் அவிழ்க்காமல் அப்படியே விட்டு, கொடித்தட்டைப்பயறை ஏற்றிவிடலாம். அதற்கும் ஓர் அடி இடைவெளி போதும்.